மாமூல் நடைவழி: டெர்பிஷயர் மலைகளில் ஐந்து நாள்

முதல் நாள்: எடேல்

இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத்தில் ரயில் ஏறி, பிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் காபி குடிப்பதற்குள் ஜன்னல் இருட்டிவிட்டது. டோட்லி சுரங்கம், மூன்றரை மைல் நீளம். வெளியே வந்தபோது நகரத்தின் சுவடே இல்லை. எங்கு பார்த்தாலும் பச்சை, பச்சைக்கு நடுவே கல் சுவர், சுவருக்குள் ஆடுகள். அரை மணி நேரத்தில் எடேல் ஸ்டேஷன் வந்துவிட்டது. எங்களோடு இறங்கியவர்கள் அத்தனை பேர் ஷூவிலும் சேறு காய்ந்திருந்தது.

கூட வருவது என் அக்கா மகன். ஷெஃபீல்டில் வேலை பார்க்கிறான். மே கடைசி வாரத்தில் ஐந்து நாள் லீவு போட்டு, "மாமா, ஊர் பார்த்தது போதும், நடக்கலாம் வாங்க" என்று கிளப்பிவிட்டான்.

இந்த இடத்துக்கு பீக் டிஸ்ட்ரிக்ட் என்று பெயர். 1951-ல் பிரிட்டனில் முதன்முதலாக தேசியப் பூங்கா ஆன பகுதி. தேசியப் பூங்கா என்றதும் நான் முதுமலையை மனதில் வைத்துக்கொண்டு வந்தேன். இங்கே செக்போஸ்ட் கிடையாது, ஜீப் கிடையாது. பூங்காவுக்குள்ளேயே ஊர்கள் இருக்கின்றன, சர்ச், பள்ளிக்கூடம், பண்ணைகள் எல்லாம் இருக்கின்றன. நிலத்தில் பெரும்பகுதி பட்டா நிலம்தான்.

அப்படியானால் அடுத்தவர் காட்டுக்குள் நாம் எப்படிக் கால் வைப்பது? எனக்கு முதலில் வந்த கேள்வி அதுதான். உடுமலையில் முப்பத்திரண்டு வருஷம் பத்திரம் எழுதியவன் நான். "மாமூல் தடவழி நடைபாத்தியம் உள்பட" என்ற வரியை, அதாவது வழக்கமாக நடந்துவந்த வழியில் நடக்கும் உரிமையும் சேர்த்து என்பதை, எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேனோ! அந்த ஒரு வரி இல்லாமல் போனதால் அண்ணன் தம்பி பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலைந்ததையும் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன்.

பதில், மாப்பிள்ளை பையில் மடித்து வைத்திருந்த வரைபடத்தில் இருந்தது. ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டன் அரசின் நில அளவை நிறுவனம் போடும் வரைபடம். ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு களமும் அதில் உண்டு. வயல்களுக்குக் குறுக்கே பச்சை நிறத்தில் விட்டுவிட்டுப் போகும் கோடுகள்தான் பொதுப் பாதைகள். நிலம் யாருடையதாக இருந்தாலும் அந்தக் கோட்டில் யாரும் நடக்கலாம். அனுமதி கேட்கத் தேவையில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப்பட்ட பாதைகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர். 1949-ல் வந்த சட்டப்படி அந்தந்தப் பகுதி நிர்வாகம் இந்தப் பாதைகளைத் தனி வரைபடத்தில் பதிந்து வைத்திருக்கிறது, அதில் ஏறிவிட்டால் அதுவே சாட்சி. வயலுக்குக் குறுக்கே போகும் பாதையை விவசாயி உழுதால், 14 நாளுக்குள் மறுபடி தெரியும்படி செய்து கொடுக்க வேண்டும். இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த வரைபடத்தை மடிக்க மனசு வரவில்லை.

சாயங்காலம் சும்மா ஒரு நடை. சுவரில் ஒரு ஆள் இடுப்பை ஒருக்களித்து நுழையும் அளவுக்கு இடைவெளி, இரண்டு பக்கமும் செங்குத்தாகக் கல். மனிதன் போகலாம், ஆடு போக முடியாது. எங்கள் பக்கம் வேலியில் விடும் கடவுதான் இது, கல்லில் செய்திருக்கிறார்கள். அதற்குள் நுழையும்போது முழங்கை ஒரு செடியில் பட்டுத் தீயாக எரிந்தது. காஞ்சொறி மாதிரியே. மாப்பிள்ளை பக்கத்திலேயே வளர்ந்திருந்த ஓர் அகன்ற இலையைப் பறித்துக் கசக்கித் தேய்த்துவிட்டான். இந்த ஊர்க் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த வைத்தியமாம். எரிச்சல் அடங்கியது இலையாலோ, நேரம் ஆனதாலோ, அடங்கியது.

மணி ஒன்பதாகியும் வெளிச்சம் போகவில்லை. ஒரு பெண் ஆட்டின் விலாவில் நீல மையால் 41 என்று எழுதியிருந்தது. அதன் பின்னால் ஓடிய இரண்டு குட்டிகளின் விலாவிலும் அதே 41. இருட்டும்வரை ரூம் ஜன்னல் வழியாக அந்த மூன்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள்: கிண்டர்

இந்தப் பயணத்தில் நான் கேட்டு வாங்கிக்கொண்ட நாள் இது ஒன்றுதான்.

எடேலிலிருந்து பென்னைன் வே என்ற நெடுந்தூர நடைபாதை தொடங்குகிறது. 431 கிலோமீட்டர், முடிவது ஸ்காட்லாந்துக்குள். நாங்கள் அதன் முதல் சில மைல்களை மட்டும் நடந்தோம். முதலில் புல்வெளி, பிறகு ஓடைப் பாலம், அதைத் தாண்டியதும் செங்குத்தாக ஜேக்கப்ஸ் லேடர் என்ற கல் படிகள். பொதிக் குதிரைகள் உப்பும் துணியும் சுமந்து போன காலத்தில், மேலே பண்ணை வைத்திருந்த ஜேக்கப் மார்ஷல் என்பவர் வெட்டிய குறுக்கு வழியாம். குதிரை சுற்றிப் போகும், ஆள் நேராக ஏறுவார். பழனிப் படி ஏறிய முழங்கால்தான், ஆனாலும் மூன்று இடத்தில் நின்றேன். நின்ற மூன்று தடவையும் வானம்பாடி தலைக்கு மேலே பாடிக்கொண்டிருந்தது.

மேலே போனால் நிலமே மாறிவிடுகிறது. பச்சை தீர்ந்து கறுப்பு மண். பீட் என்கிறார்கள். குளிரிலும் ஈரத்திலும் செடி மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த மண். கையில் எடுத்துப் பிழிந்தேன். காபித் தூள் டிகாக்‌ஷன் இறங்கியபின் இருக்குமே, அந்தப் பதம். பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் விரலிடுக்கில் வழிகிறது. மான்செஸ்டர், ஷெஃபீல்ட் ஆலைப் புகையும் காட்டுத் தீயும் அளவுக்கு மீறிய மேய்ச்சலும் சேர்ந்து இந்த மேட்டின் தோலை உரித்துவிட்டன. இருபது வருஷத்துக்கும் மேலாக ஓடைகளுக்குக் குறுக்கே அணை கட்டியும், பாசியை நட்டும் திரும்ப உயிர் கொடுத்து வருகிறார்கள். இப்போது வெள்ளைப் பஞ்சுப்புல் பூத்துக் காற்றில் ஆடுகிறது.

கிண்டர் லோ என்ற இடத்தில் ஒரு வெள்ளைத் தூண். நில அளவைக்காக நட்டது, உயரம் 633 மீட்டர். சர்வே கல்லைக் கண்டால் தொடாமல் போகிற பழக்கம் எனக்கு இல்லை. தொட்டுவிட்டுத் திரும்பினால் மாப்பிள்ளையைக் காணவில்லை. ஐந்து நிமிஷத்தில் பனி மூடிவிட்டது. "மாமா, அங்கேயே நில்லுங்க" என்று குரல் மட்டும் வருகிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நின்றேன். வந்து கையைப் பிடித்துக்கொண்டான். திசைகாட்டியை வைத்து, விளிம்பை ஒட்டியே மெதுவாக நடந்தோம். போனில் சிக்னல் இல்லை. இங்கே வருபவர்கள் காகித வரைபடமும் திசைகாட்டியும் இல்லாமல் வரவே கூடாது.

அரை மணி கழித்துப் பனி கிழிந்தபோது கிண்டர் டவுன்ஃபால் அருவியின் தலையில் நின்றுகொண்டிருந்தோம். சுமார் 30 மீட்டர் அருவி. ஆனால் தண்ணீர் கீழே போகவில்லை! மேற்கிலிருந்து அடித்த காற்று பாறைச் சந்தில் புகுந்து அருவியை அப்படியே மேலே தூக்கி எறிந்தது. மழை நின்ற பிறகும் எங்கள் முகத்தில் மழை. பத்தடி தள்ளி நின்ற ஒரு பாட்டி, வயது எழுபதுக்கு மேல் இருக்கும், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அந்தத் தூறலுக்கு முகத்தைக் கொடுத்து நின்றார்.

கீழே மேற்கே ஒரு நீர்த்தேக்கம் தெரிந்தது. 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பக்கமிருந்துதான் அவர்கள் ஏறி வந்தார்கள்.

அன்றைக்கு இந்த மேடு முழுக்க அடைப்பு. க்ரௌஸ் என்ற காட்டுக் கோழியைப் பெருக்கி, ஆகஸ்ட் 12-ல் தொடங்கும் பருவத்தில் சுட்டு விளையாடுவதற்காகப் பணக்காரர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். வருஷத்தில் சில நாள் வேட்டை, மற்ற நாள் காவல்காரர்கள். சுற்றிலும் ஆலைப் புகையில் ஆறு நாள் வேலை செய்த தொழிலாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்க்கக் கண்ணுக்கெதிரே மலை, ஆனால் ஏறக் கூடாது. பென்னி ராத்மன் என்ற 20 வயது மான்செஸ்டர் இளைஞர் ஹேஃபீல்ட் அருகே ஒரு கல்குவாரியில் பாறை மேல் ஏறி நின்று பேசினார். சுமார் 400 பேர் கிளம்பினார்கள். வழியில் தடியோடு நின்ற காவல்காரர்களோடு கைகலப்பு. எடேல் பக்கமிருந்து ஷெஃபீல்ட்காரர்களும் ஏறி வந்து சேர்ந்துகொண்டார்கள். திரும்பி இறங்கும்போது போலீஸ் பிடித்தது.

ஒரு பத்திர எழுத்தனாக எனக்கு இதில் உறைத்த விஷயம்: அடுத்தவர் நிலத்தில் நடந்தது அன்றைய சட்டப்படி குற்றமே அல்ல, சிவில் விவகாரம். அதனால் கலகம் செய்ததாக, அடித்ததாக வழக்குப் போட்டார்கள். ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம். தண்டனை கடுமையாக இருந்ததால்தான் நாடே பேச ஆரம்பித்தது. 1949 சட்டம், அப்புறம் 2000-ல் வந்த இன்னொரு சட்டம். இப்போது இந்த மாதிரி மேட்டு நிலங்களில் பாதையை விட்டு விலகிக்கூட எவரும் நடக்கலாம்.

பென்னைன் வே திறக்கப்பட்ட நாள் 1965 ஏப்ரல் 24. முப்பத்து மூன்று வருஷம் கழித்து அதே தேதி. சதுப்பில் கால் புதையாமலிருக்க இந்தப் பாதையில் பல இடங்களில் பலகைக் கற்கள் பாவியிருக்கிறார்கள். அவற்றில் ஏராளமானவை இடித்த நூற்பாலைகளின் தரையிலிருந்து பெயர்த்து வந்தவை என்று மாப்பிள்ளை சொன்னான். அதைக் கேட்டபின் அந்த மாதிரிக் கல்லில் கால் வைக்கும்போதெல்லாம் குனிந்து பார்த்தேன்.

ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து ஆளுக்கொரு வாழைப்பழம் தின்றோம். புதருக்குள்ளிருந்து ஒரு க்ரௌஸ் கத்தியது. "கோ பேக், கோ பேக்" என்று கத்துவதாக இந்த ஊர்க்காரர்கள் சொல்வார்களாம். கேட்டால் நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள்: மழை

காலையிலிருந்து மழை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு எடேலிலிருந்து மலை முகட்டில் ஹாலின்ஸ் கிராஸ் ஏறி, மறுபக்கம் காசில்டனுக்கு இறங்கினோம். எடேலில் சர்ச் இல்லாத காலத்தில் பிணங்களை இந்த வழியாகத்தான் தூக்கிப் போவார்களாம். சவ ஊர்வலம் போன தடம் என்பதால் மழைக்கு ஒதுங்காமல் சும்மா பேசாமல் நடந்தோம்.

முகட்டின் மேற்குக் கோடியில் மாம் டோர், 517 மீட்டர். களிப்பாறையும் மணற்பாறையும் அடுக்கடுக்காய் இருப்பதால் எப்போதும் சரிந்துகொண்டே இருக்கும் மலை. அதன் அடிவாரத்தில் 1819-ல் ஒரு சாலை போட்டார்கள். மலை சரிய, சாலை உடைய, மறுபடி தார் ஊற்ற, மறுபடி உடைய... கடைசியில் 1979-ல் வண்டிகளுக்கு மூடிவிட்டார்கள். உடைந்த இடத்தில் நின்று பார்த்தேன். ஆள் உயரத்துக்குச் சாலை பிளந்து நிற்கிறது. வெட்டுமுகத்தில் தார் மேல் தார், ஜல்லி மேல் ஜல்லி. ஒவ்வொரு அடுக்கும் ஒரு முறை சரிசெய்த கணக்கு. நடுவில் வெள்ளைக் கோடு இன்னும் அழியவில்லை, அது பள்ளத்துக்குள் இறங்கி மறைகிறது.

மத்தியானம் ஒரு குகை. ப்ளூ ஜான் என்ற ஊதாவும் மஞ்சளும் கலந்த கல் இந்த மலையில் கிடைக்கிறது, சின்னச் சின்ன நகையாக விற்கிறார்கள். அக்காவுக்கு ஒரு பதக்கம் வாங்கினோம். மாலையில் ஈர சாக்ஸைக் காயப்போட்டுவிட்டுத் தூங்கினேன்.

நான்காம் நாள்: ஈம்

இந்த ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் Eyam என்று எழுதுகிறார்கள். எழுத்தைப் பார்த்தால் வேறு மாதிரி படிக்கத் தோன்றும். ஊர்க்காரர்கள் சொல்வது "ஈம்". பஸ்ஸில் கண்டக்டர் இல்லை, டிரைவரிடம் டிக்கெட் கேட்டபோது அந்த ஒலி வாயில் வந்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆனது. ஈமம் என்றால் நமக்குச் சுடுகாடு. தற்செயல்தான். ஆனாலும் நாள் முழுக்க அந்தச் சொல் கூடவே வந்தது.

1665-ல் லண்டனில் பிளேக். இந்த ஊர்த் தையல்காரர் வீட்டுக்கு லண்டனிலிருந்து ஒரு துணிப் பொட்டலம் வந்தது. ஈரமாக இருக்கிறதென்று அடுப்பருகே காயப் போட்டார்களாம். துணியோடு தெள்ளுப்பூச்சியும் வந்திருந்தது. செப்டம்பர் 7-ல் ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற வேலையாள் அடக்கமானார். பிறகு ஒவ்வொரு வீடாக. மறு வருஷம் ஜூன் மாதம் பாதிரியார் வில்லியம் மாம்பெசன், முன்பு இதே சர்ச்சில் இருந்த தாமஸ் ஸ்டான்லியோடு சேர்ந்து ஊரைக் கூட்டினார். இருவரும் கிறிஸ்தவத்துக்குள்ளேயே வேறு வேறு கருத்து உடையவர்கள், ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள். அன்று ஒன்றாக நின்றார்கள். யாரும் ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை, பக்கத்து ஊர்களுக்கு நோயைக் கொண்டுபோவதில்லை என்று முடிவு. சர்ச்சைப் பூட்டிவிட்டு ஓடைப் பள்ளத்தில் குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்று பிரார்த்தனை. செத்தவர்களை வீட்டார் தாங்களே தோட்டத்தில் புதைத்தார்கள். பதினான்கு மாதத்தில் சுமார் 260 பேர் போனார்கள். மாம்பெசனின் மனைவி கேத்தரினும் ஆகஸ்டில் போய்விட்டார்.

சர்ச் பக்கத்தில் வரிசையாகச் சில வீடுகள். வாசலில் பச்சைப் பலகையில் அந்தந்த வீட்டில் செத்தவர்களின் பெயரும் தேதியும். இன்றும் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒரு ஜன்னலில் ஜெரேனியம் பூத்தொட்டி, உள்ளே டிவி ஓடும் சத்தம். 2020-ல் நாம் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. எங்கள் தெருவில் ஐந்து பேர். நின்று அந்தப் பலகைகளில் ஒரு பெயர் விடாமல் படித்தேன்.

ஊரிலிருந்து வயல்கள் வழியே ஸ்டோனி மிடில்டன் போகும் பாதையில் எல்லைக் கல். ஆள் உட்காரும் அளவுப் பாறை, மேலே ஆறு குழிகள். வெளியூர்க்காரர்கள் உணவை இங்கே வைத்துவிட்டுப் போவார்கள், ஈம்காரர்கள் காசை, நோய் பரவாமலிருக்க, வினிகர் ஊற்றிய குழியில் போடுவார்கள். சாட்ஸ்வர்த் மாளிகையின் பிரபுவும் உணவு அனுப்பி உதவினார். ஒரு குழிக்குள் விரலை விட்டேன். விளிம்பு வழவழவென்று, ஆட்டுக்கல் குழி போலத் தேய்ந்திருக்கிறது. அடியில் மழைத் தண்ணீர், தண்ணீருக்குள் யாரோ போட்ட சில்லறை. நேற்று முன்தினம், நடக்கக் கூடாதென்ற இடத்தில் நடந்தவர்களின் மலை. இன்று, நடக்கலாம் என்ற பாதையில் இந்தக் கல்லைத் தாண்டாமல் நின்றவர்களின் ஊர். கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அடுத்த ஊர்க் கூரைகள் கூப்பிடு தூரத்தில் தெரிகின்றன.

ரைலி பண்ணை மேட்டில் வட்டச் சுவருக்குள் ஏழு கல்லறை. எலிசபெத் ஹேன்காக் என்ற பெண் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் எட்டு நாளில் தன் கையால் புதைத்த இடம். இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

திரும்பும் வழியில் சரிந்த சுவரைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றோம். சிமென்ட் இல்லை, மண்கூட இல்லை. இரண்டு பக்கமும் கல் வைத்து, மேலே போகப்போக உள்பக்கம் சாய்த்து, நடுவில் சில்லுக் கல்லைக் கொட்டி இறுக்குகிறார். இடையிடையே இரு பக்கத்தையும் கவ்விப் பிடிக்க ஒரு நீளக் கல். ஒரு கல்லைக் கையில் எடுத்தால் கீழே போடுவதில்லை, அதற்கான இடம் சுவரில் எங்கேயாவது இருக்கும் என்றார். சொன்னது போலவே செய்தார். பார்த்துக்கொண்டிருந்த இருபது நிமிஷத்தில் ஒரு கல்லைக்கூட அவர் திரும்பக் கீழே வைக்கவில்லை.

ஐந்தாம் நாள்: சாட்ஸ்வர்த்

மான்சல் ஹெட்டிலிருந்து கீழே பார்த்தால் ஐந்து வளைவுப் பாலம். 1863-ல் ரயிலுக்காகக் கட்டியது. பள்ளத்தாக்கைக் கெடுத்துவிட்டதாக அன்று எழுத்தாளர் ஜான் ரஸ்கின் கடுமையாகத் திட்டி எழுதினார். 1968-ல் ரயில் நின்றுபோனது. 2011-ல் சுரங்கங்களைத் திறந்து நடக்கவும் சைக்கிள் விடவும் கொடுத்துவிட்டார்கள். பாலம் இப்போது பள்ளத்தாக்குக்கு அழகு. சுரங்கத்துக்குள் குளிர்ந்தது, வெளியே வெயில் அடித்தது. பேக்வெல்லில் அந்த ஊர்ப் பெயரிலேயே இருக்கும் புட்டிங், ஜாமும் பாதாமும் முட்டையும் சேர்ந்தது, எனக்கு ரொம்பத் தித்திப்பு. மாப்பிள்ளை இரண்டு சாப்பிட்டான்.

அங்கிருந்து மேட்டைத் தாண்டினால் சாட்ஸ்வர்த். டெவன்ஷயர் டியூக்குகளின் மாளிகை, கேவண்டிஷ் குடும்பம் 1549-லிருந்து வைத்திருக்கும் எஸ்டேட். மாளிகைக்கு டிக்கெட் உண்டு. சுற்றியுள்ள புல்வெளியில் இலவசமாக நடக்கலாம், மான்களும் ஆடுகளும் நம்மோடே நடக்கும். ஈம் ஊருக்கு உணவு அனுப்பியது இந்த வீடு. கிண்டரில் நிலம் வைத்து வேட்டைக்கு அடைத்தவர்களில் ஒருவரும் இந்த வீட்டுக்காரர்தான். 2002-ல், அந்த மலையேற்றத்தின் எழுபதாம் ஆண்டு விழாவுக்கு அன்றைய டியூக் நேரில் போய், தன் தாத்தா காலத்தில் நடந்தது தவறு என்று எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். பென்னி ராத்மன் அதே வருஷம் ஜனவரியில்தான் காலமாகியிருந்தார். மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

தோட்டத்தில் படிப்படியாக இறங்கும் நீரோடை, பீச்சும் நீரூற்று எல்லாம் பார்த்தோம். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது கண்ணாடி வீடு. 1830-களில் இங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன், மொரீஷியஸிலிருந்து வந்த ஒரு வாழைக் கன்றை வாங்கிக் கணப்பு மூட்டி வளர்த்துக் காய்க்க வைத்தார். முதலாளி பெயரையே அதற்கு வைத்தார்: கேவண்டிஷ். இன்று உலகமெங்கும் சூப்பர்மார்க்கெட்டில் கிடைப்பது பெரும்பாலும் அந்த இனம்தான். அதே குள்ள இனத்தை நம் ஊரில் மோரிஸ் என்கிறோம், மொரீஷியஸ்தான் மோரிஸ் ஆகியிருக்கிறது.

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். வாழை நின்றது. ஏதோ வித்தியாசமாக இருக்கிறதே என்று யோசித்து, அப்புறம்தான் பிடிபட்டது. ஓர் இலைகூடக் கிழியவில்லை. எங்கள் காட்டில் ஆடிக் காற்றுக்கு வாழை இலை நார் நாராகத் தொங்கும். இங்கே காற்றே படாமல், தலைவாழை இலையாகவே மரம் முழுக்க நிற்கிறது.

கடைசியாக ஆற்றங்கரையில் மாளிகையைப் பார்த்தபடி புல்லில் உட்கார்ந்தோம். பையில் ஒரே ஒரு பழம் மீதி இருந்தது, ஐந்து நாள் மூட்டையில் நசுங்கிக் கறுத்திருந்தது. இரண்டாகப் பிய்த்து ஆளுக்குப் பாதி. ஓர் ஆடு வந்து தோலுக்கு மூக்கை நீட்டியது. "கொடுக்கக் கூடாது மாமா" என்றான். தோலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு எழுந்தோம்.